சாமி பெயரில் ஒரு நாடு, மக்கள் பெயரில் ஒரு நாடு: இந்தியா எதில் தொடங்கியது?

‘மதச்சார்பற்ற’ என்ற சொல் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையில் 1976-ல்தான் சேர்க்கப்பட்டது. அப்படியென்றால், 1950-ல் பிறந்த குடியரசு மதச்சார்பற்றது இல்லையா? அடிக்கடி எழும் இந்தக் கேள்விக்கு விடை தேட டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தேக்கடி மதகில் தொடங்குவோம்

முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் இருந்தால், ஜூன் மாதம் முதல் போகத்துக்காகத் தேக்கடி தலைமதகு திறக்கப்படும். மதகை இயக்கியதும் அமைச்சரோ, மாவட்ட ஆட்சியரோ, பொறியாளர்களோ பாய்ந்து வரும் தண்ணீரில் மலர் தூவுவார்கள். அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஓடும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

அரசு விழாவில் பூத் தூவுவது மதச் செயலா, மரியாதையா? இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அதைக் கேட்பதில்லை. பாலார்பட்டியில் ஆண்டுதோறும் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அவர் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர். மதம், நன்றி, பழக்கம் மூன்றும் இங்கே ஒரே பானையில்தான் கொதிக்கின்றன.

ஆனால், ஒரு நாட்டின் அடித்தளம் பற்றிப் பேசும்போது கேள்வி வேறு. மக்களுக்குப் பக்தி இருக்கிறதா என்பதல்ல அது. அரசு யார் பெயரில் ஆள்கிறது, யாருக்குக் கணக்குச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நாடு

பழைய அரசுகள் தங்கள் அதிகாரத்துக்குத் தெய்வத்தைச் சாட்சி வைப்பது வழக்கம். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள்கூட மன்னர் குலத்தைச் சந்திரனோடும் அகத்தியரோடும் இணைத்துத்தான் பேசுகின்றன. திருவிதாங்கூர் அதைவிட ஒரு படி மேலே போனது.

1750 ஜனவரியில் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். ‘திருப்படித் தானம்’ என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து நாட்டின் உரிமையாளர் சாமி. மன்னர் ‘பத்மநாப தாசர்’, அதாவது சாமியின் ஊழியர். பின்னால் வந்த மன்னர்களும் அந்தப் பட்டத்தோடுதான் ஆண்டார்கள்.

நவீன காலம் வரை நீடித்த, கடவுள் பெயரில் நிறுவப்பட்ட அரசுக்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். அது இருந்தது குமுளியில், நம் எல்லையைத் தொட்டுக்கொண்டு.

முல்லைப் பெரியாறு குத்தகை எழுதப்பட்டதும் அந்த நாட்டோடுதான். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மன்னர் அரசுக்கும், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 ஆண்டு குத்தகை; 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1895-ல் அணை திறக்கப்பட்டது. ஆக, நம் வயலுக்கு வரும் தண்ணீருக்கான பத்திரத்தில் ஒரு பக்கம் சாமியின் ஊழியர், மறுபக்கம் விக்டோரியா மகாராணியின் பிரதிநிதி. ‘மக்கள்’ என்ற தரப்பே அதில் இல்லை.

“சாமி பெயரில் ஆண்டால் என்ன தப்பு?”

நியாயமான கேள்வி. திருவிதாங்கூர் கொடுங்கோன்மைக்குப் பெயர்போன நாடு அல்ல. பள்ளிக் கல்வியில் அது பிரிட்டிஷ் மாகாணங்களைவிட முன்னே இருந்தது. கிறிஸ்தவரான எம்.இ.வாட்ஸும், முஸ்லிமான முகமது ஹபிபுல்லாவும் அங்கே திவான்களாக இருந்தார்கள். 1936 நவம்பர் 12-ல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் அரசின் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனமும் அங்கேதான் வந்தது.

ஆனாலும், சாமி பெயரில் அமைந்த அரசுக்குள் ஒரு சிக்கல் இருந்தது. அது தாசில்தார் நாற்காலியில் வெளிப்பட்டது.

1810-களில், பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கோயில்களின் சொத்துகளை அரசு நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். கோயில் நிலம் அரசு நிலத்தோடு கலந்தது. கோயில் நிர்வாகம் வருவாய்த் துறையின் வேலையானது. விளைவு என்ன? நிலவரி வசூலிக்கும் அதிகாரியே கோயிலையும் கவனிக்க வேண்டும். கோயிலுக்குள் போக முடியாதவர் அந்தப் பதவிக்கு வர முடியாது. எனவே கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், ஈழவர்கள் உள்ளிட்ட பெரும்பகுதி மக்களுக்கு வருவாய்த் துறையின் கதவு மூடியே கிடந்தது. அவர்களும் வரி கட்டினார்கள். வரி வாங்கும் நாற்காலியில் மட்டும் உட்கார முடியவில்லை.

இதை எதிர்த்து 1919-ல் அந்தச் சமூகங்கள் ஒன்றுசேர்ந்து குடியுரிமைக் கிளர்ச்சி நடத்தின. கோயிலை இடிக்கவோ, சாமியை இறக்கவோ அவர்கள் கேட்கவில்லை. “கோயில் வேலையைத் தனியாகப் பிரி, வருவாய் வேலையைப் பொதுவாக்கு” என்பதுதான் கோரிக்கை. 1922-ல் தேவஸ்வம் துறை தனியாகப் பிரிக்கப்பட்டது. வருவாய்த் துறை எல்லோருக்கும் திறந்தது.

‘மதச்சார்பின்மை’ என்ற பெரிய சொல்லைச் சுருக்கிப் பார்த்தால், அதன் ஒரு பொருள் இதுதான்: சாமியின் கணக்கு வேறு, சர்க்காரின் கணக்கு வேறு.

1947: இரண்டு விதமான இறையாண்மை

சுதந்திரம் நெருங்கியபோது இந்த இரண்டு பார்வைகளும் நேருக்கு நேர் வந்தன.

1946 டிசம்பர் 13-ல் அரசியல் நிர்ணய சபையில் நேரு ‘குறிக்கோள் தீர்மானத்தை’ முன்மொழிந்தார். சுதந்திர இந்தியாவின் அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்றது அது. சமஸ்தான மன்னர்கள் சிலருக்கு இது உறுத்தியது. தெய்வீக ஆணையால் ஆள்வதாக இந்தக் காலத்தில் ஒரு மனிதர் சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். 1947 ஜனவரி 22-ல் தீர்மானம் நிறைவேறியது.

சில மாதங்களில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். அது நடந்திருந்தால் தேக்கடி மதகு இன்று வெளிநாட்டில் இருந்திருக்கும். மாநிலக் காங்கிரஸும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். ஜூலை 25-ல் சர் சி.பி. மீது கொலைமுயற்சித் தாக்குதல் நடந்தது. அடுத்த சில நாட்களில் மன்னர் சித்திரைத் திருநாள் இந்தியாவுடன் இணைய ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகும் பழைய கேள்வி விடவில்லை. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது மன்னரே புதிய மாநிலத்தின் ராஜபிரமுகராக வேண்டியிருந்தது. ஏற்கெனவே பத்மநாபரின் ஊழியராக இருப்பவர் இன்னொரு உறுதிமொழியை எப்படி எடுப்பது என்று அவர் தயங்கினார். அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததை, சமஸ்தான இணைப்பை நடத்திய வி.பி.மேனன் பதிவு செய்திருக்கிறார். ஒரே மனிதர் சாமிக்கும் சட்டத்துக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கட்டுப்படுவது? அரசியல் நிர்ணய சபை அதே ஆண்டில் இதைத்தான் வேறு வடிவத்தில் எதிர்கொண்டது.

கடவுள் வாக்கெடுப்புக்கு வந்த நாள்

1949 அக்டோபர் 17. முகப்புரை மீது விவாதம். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்ற தொடக்கத்துக்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் என எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார்.

எதிர்த்தவர்கள் நாத்திகர்கள் என்று நினைத்தால் தவறு. இதைக் கட்டாயமாக்குவது முகப்புரையின் பரந்த உணர்வுக்கு எதிரானது, குறுகிய மனப்பான்மையைக் காட்டுவது என்றார் எச்.என்.குன்ஸ்ரு. கடவுளை வாக்கெடுப்புக்கு விட்டுத் தர்மசங்கடப்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார் பூர்ணிமா பானர்ஜி. கடவுள் என்றால் தேவியைச் சேர்க்க மாட்டீர்களா என்று சக்தி வழிபாட்டு மரபில் வந்த அசாம் உறுப்பினர் ரோகிணி குமார் சௌத்ரி கேட்டார். எந்தக் கடவுள் என்ற கேள்வி உடனே வந்து நின்றதைக் கவனியுங்கள்.

இவர்களில் நமக்கு மிக முக்கியமானவர் ஏ.தாணு பிள்ளை. சர் சி.பி. ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். 1948-ல் திருவிதாங்கூரின் முதல் மக்கள் அரசுக்குத் தலைமை தாங்கியவர். தமிழர்களுக்கு அவர் பெயர் இனிக்காது. 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர்தான் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர். ஆனால், அன்று சபையில் அவர் சொன்ன வாதம் கூர்மையானது. தனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்றார். ஆனாலும் இந்தத் திருத்தம் நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் செய்வதாகும். கடவுளை நம்பவும் நம்பாமலிருக்கவும் ஒருவருக்குள்ள உரிமையைப் பாதிக்கும் என்று எதிர்த்தார்.

சாமி பெயரில் 200 ஆண்டுகள் ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்த பக்தர் ஒருவர் இப்படிச் சொன்னார் என்பதுதான் இங்கே செய்தி.

காமத் விடவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. இது நம் வரலாற்றில் ஒரு கறுப்பு நாள் என்று காமத் வருந்தினார். காந்தியின் பெயரைச் சேர்த்து முகப்புரையைத் தொடங்கும் இன்னொரு யோசனையும் வந்தது; அதுவும் நிற்கவில்லை. முகப்புரை ‘மக்களாகிய நாம்’ என்றே தொடங்கியது.

தமிழில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. அதிகாரத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘இறையாண்மை’. பழந்தமிழில் ‘இறை’ என்றால் கடவுள், அரசன், வரி மூன்றும்தான். திருவிதாங்கூரில் மூன்றும் ஒன்றாக இருந்தன. அரசமைப்புச் சட்டம் முதல் இரண்டையும் கழற்றி, மூன்றாவதை நாடாளுமன்றத்திடமும் சட்டமன்றங்களிடமும் கொடுத்தது.

“அப்போ ‘மதச்சார்பற்ற’ன்னு அன்னைக்கே ஏன் எழுதல?”

எழுத முயற்சி நடந்தது. 1948 நவம்பர் 15-ல் பேராசிரியர் கே.டி.ஷா, இந்தியா ‘மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச’ ஒன்றியம் என்று முதல் பிரிவிலேயே எழுதத் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை.

‘சபையே இந்தச் சொல்லை நிராகரித்தது’ என்று இன்று சிலர் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அம்பேத்கர் சொன்ன பதிலைப் பார்க்க வேண்டும். அவரது மறுப்பு பெரும்பாலும் ‘சோஷலிச’ என்பதைப் பற்றியது. எந்தப் பொருளாதார அமைப்பில் வாழ வேண்டும் என்பதை வருங்கால மக்கள் தீர்மானிக்கட்டும். அரசமைப்பில் அதைக் கட்டிப்போடக் கூடாது என்றார். அரசுக்கான வழிகாட்டு நெறிகளில் அதன் சாரம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொன்னார். மதச்சார்பு வேண்டும் என்பதற்காக அந்தச் சொல்லை அவர் மறுக்கவில்லை.

சொல் முகப்புரையில் இல்லையே தவிர, பொருள் சட்டத்தில் இருந்தது. மதத்தின் பெயரால் குடிமக்களிடையே பாகுபாடு காட்டத் தடை, 15-வது பிரிவு. அரசு வேலையில் சம வாய்ப்பு, 16-வது பிரிவு. எந்த மதத்தையும் பின்பற்ற, பரப்ப உரிமை, 25-வது பிரிவு. குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்றே வரி வசூலிக்கத் தடை, 27-வது பிரிவு. அரசு நிதியில் மட்டும் நடக்கும் கல்வி நிலையங்களில் மத போதனைக்குத் தடை, 28-வது பிரிவு. தாசில்தார் நாற்காலிச் சிக்கலுக்கு 16-வது பிரிவு நேரடியான பதில்.

இதில் மதுரைக்கும் பங்குண்டு. 1948 டிசம்பர் 6-ல், மதத்தைப் ‘பரப்பும்’ உரிமை தேவையா என்று சபையில் காரசாரமான விவாதம். தேனி அன்று மதுரை மாவட்டத்தின் பகுதி. மதுரையைச் சேர்ந்த எல்.கிருஷ்ணசாமி பாரதி, அந்த உரிமை ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதல்ல, எல்லோருக்குமானது என்று ஆதரித்துப் பேசினார். தன் மதத்தைப் பரப்புவது என்றால் அடுத்தவர் மதத்தை இழிவுபடுத்துவது என்று பொருளல்ல என்றும் எச்சரித்தார்.

மறுபக்க வாதத்தில் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ‘இந்தியக் குடியரசு மதத்தைத் தொடவே இல்லை’ என்று சொன்னால் அதுவும் பொய்.

அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை நந்தலால் போஸும் அவரது குழுவினரும் ஓவியங்களால் அலங்கரித்தார்கள். அடிப்படை உரிமைகள் பகுதியின் தொடக்கத்தில் ராமர், சீதை, லட்சுமணர் இருக்கிறார்கள். கீதை உபதேசக் காட்சி உண்டு. புத்தர், மகாவீரர், அக்பர், குரு கோவிந்த் சிங், திப்பு சுல்தான், நவகாளியில் காந்தி ஆகியோரும் உண்டு.

பசுவதைத் தடை பற்றிய 48-வது பிரிவு வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. இந்துக் கோயில்களை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 25-வது பிரிவு அரசுக்குத் தருகிறது. அதே பிரிவில் ‘மதச்சார்பற்ற செயல்பாடு’ என்ற சொல்லும் 1950-லேயே இருக்கிறது. கோயிலின் பணம், சொத்து போன்ற உலகியல் வேலைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்ற பொருளில். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலும் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலும் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருப்பது இந்தப் பாதையில்தான். மற்ற மதங்களின் வழிபாட்டிடங்களை இதே அளவில் அரசு நிர்வகிப்பதில்லையே என்ற கேள்வி இன்றும் அரசியலில் சூடாகத்தான் இருக்கிறது. அது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வியும் அல்ல.

எல்லாவற்றையும்விட வியப்பானது 290ஏ பிரிவு. கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும். தமிழ்நாடு அரசு 13.5 லட்சம் ரூபாயைத் தர வேண்டும். 1956 நவம்பர் 1-ல் நம்மோடு இணைந்த முன்னாள் திருவிதாங்கூர் பகுதிகளின் கோயில்களுக்காக. கோயிலுக்குப் பணம் தரச் சொல்லும் பிரிவு, மதச்சார்பற்ற நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலா?

இங்கேதான் மன்றோவின் கதை திரும்பி வருகிறது. கோயில் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. வருமானத்தைத் தன் கணக்கில் சேர்த்தது. அந்தச் சொத்துக்கு ஈடாகக் கோயில்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது. புதிய குடியரசு பழைய அரசின் வரவை ஏற்றுக்கொண்டபோது கடனையும் ஏற்றுக்கொண்டது. பக்தியால் தரும் காணிக்கை அல்ல இது, பழைய பாக்கி. ஆனாலும், ‘இந்தியா மதத்தோடு கணக்கே வைத்துக்கொள்ளவில்லை’ என்பவர்களுக்கு இது நல்ல பாடம். கணக்கு இருந்தது. அதைத் தீர்த்துப் பிரிப்பதில்தான் 1950 குடியரசு இறங்கியது.

1976-ல் என்ன மாறியது?

நெருக்கடிநிலைக் காலத்தில் கொண்டுவரப்பட்ட 42-வது திருத்தம், ‘சோஷலிச’, ‘மதச்சார்பற்ற’ என்ற இரு சொற்களை முகப்புரையில் சேர்த்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது நடந்தது என்ற விமர்சனம் உண்மையானது.

அடுத்து வந்த ஜனதா ஆட்சி, நெருக்கடிநிலைத் திருத்தங்கள் பலவற்றை நீக்கியது. ஆனால், இந்தச் சொல்லை நீக்கவில்லை. மாறாக, ‘எல்லா மதங்களுக்கும் சம மரியாதை’ என்று அதற்கு விளக்கம் எழுத 1978-ல் முயன்றது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை. அதனால்தான் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இன்றுவரை வரையறை இல்லை.

சொல் வருவதற்கு முன்பே, 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில், மதச்சார்பற்ற தன்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று என்று தலைமை நீதிபதி சிக்ரி எழுதியிருந்தார். 1994-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. இரு சொற்களையும் நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பர் 25-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1949 நவம்பர் 26 என்ற தேதி, முகப்புரையைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்தைத் தடுக்காது என்றது.

விவாதம் அதோடு முடியவில்லை. 2025 ஜூனில், நெருக்கடிநிலையின் 50-ம் ஆண்டையொட்டிய நிகழ்ச்சியில், இந்தச் சொற்கள் நீடிக்க வேண்டுமா என்று விவாதிக்க வேண்டும் என்றார் ஆர்எஸ்எஸ் பொதுச்செயலாளர் தத்தாத்ரேய ஹொசபாலே. விவாதிக்கலாம். ஆனால், விவாதிப்பது 1976-ல் ஒட்டிய பெயர்ப்பலகையைப் பற்றியா, 1949-ல் கட்டிய வீட்டைப் பற்றியா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மற்ற நாடுகள் எப்படித் தொடங்கின?

பாகிஸ்தானில் 1949 மார்ச் 12-ல் நிறைவேறிய குறிக்கோள் தீர்மானம், இறையாண்மை இறைவனுக்கே உரியது என்று தொடங்கியது. கிழக்கு வங்கத்தின் இந்து உறுப்பினர்கள் அதை எதிர்த்துப் பேசியும் பலனில்லை. காமத்தின் திருத்தம் டெல்லியில் தோற்றது அதற்கு ஏழு மாதங்கள் கழித்து. ஒரே ஆண்டு, ஒரே கேள்வி, இரண்டு பதில்கள்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. சுதந்திரப் பிரகடனம் படைத்தவனைக் குறிப்பிடுகிறது. அரசமைப்போ கடவுள் பெயரால் அதிகாரம் கோரவில்லை. பதவிக்கு மதத் தகுதி கேட்கக் கூடாது என்று தடுக்கிறது. அதனால் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு ஆவணம் கிடைக்கிறது.

இலங்கை இன்னொரு பாடம். சுதந்திரம் பெற்றபோது இருந்த சோல்பரி அரசமைப்பில், ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகையோ பாதிப்போ தரும் சட்டங்களுக்குத் தடை இருந்தது. 1972 அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. அந்தப் பழைய பாதுகாப்பு போய்விட்டது. தொடக்கம் எப்படி இருந்தாலும் அதை மாற்றிவிட முடியும் என்பதை இது காட்டுகிறது. ‘தொடங்கும்போதே அப்படித்தான்’ என்ற வாதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இதனால் என்ன?

உத்தமபாளையம் கருப்பணசாமி கோயில் பாறையில் ஆயிரம் ஆண்டுப் பழமையான சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அதே ஊரில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் தொடங்கிய கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் பழைய கத்தோலிக்கத் தேவாலயங்கள். மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுக்கு ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று, இரு மாநில மக்களும் கூடுகிறார்கள்; தேனி, இடுக்கி நிர்வாகங்கள் கலந்து பேசி ஏற்பாடு செய்கின்றன.

இந்த ஒற்றுமையை அரசமைப்புச் சட்டம் உருவாக்கவில்லை. அது அதற்கு முன்பே இருந்தது. சட்டம் உருவாக்கியது வேறொன்றை. உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கு மனு கொடுப்பவர் எந்த மதம், எந்தச் சாதி என்பது அந்த மனுவுக்குத் தேவையில்லை. நாற்காலியில் இருக்கும் தாசில்தார் எந்த மதம் என்பதும் தேவையில்லை. அறநிலையத் துறை ஆணையர் இந்துவாக இருக்க வேண்டும் என்று தனிச் சட்டம் சொல்கிறது. வருவாய்த் துறைக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. 1922-ல் மலைக்கு அந்தப் பக்கம் போராடிப் பெற்ற அதே பிரிவினை இது.

பதவியேற்பு உறுதிமொழியிலும் இதே ஏற்பாடுதான். ‘கடவுளறிய’ என்றும் சொல்லலாம், ‘உளமார’ என்றும் சொல்லலாம். நம் சட்டமன்றத்தில் இரண்டையும் கேட்டுப் பழகியிருக்கிறோம். கடவுளை அழைப்பதா வேண்டாமா என்பது பதவியேற்கும் மனிதரின் விருப்பம். அரசு தன் வாயால் அழைப்பதில்லை. காமத்தின் திருத்தம் தோற்றதன் பொருளும் இவ்வளவுதான்.

ஆக, 1950-ல் தொடங்கிய குடியரசு மதத்துக்கு எதிரானது அல்ல. மதத்தைத் தொடாததும் அல்ல. ஆனால், அதிகாரத்தைக் கடவுள் பெயரில் வைக்கலாமா என்று வாக்கெடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்த குடியரசு. சொல் 27 ஆண்டுகள் தாமதமாக வந்தது. முடிவு 1949-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

முல்லைப் பெரியாறு குத்தகையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பத்மநாப தாசரின் அரசு எழுதிய அந்தப் பத்திரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1970-ல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் குத்தகை செல்லும் என்று சொல்லி, 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதித்தது. வழக்காடியவை தமிழ்நாடும் கேரளமும், இரண்டு மாநில மக்களின் அரசுகள். எந்தத் தரப்பும் சாமியைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

மாதாமாதம் தேனி ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்டால், அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். கேட்பவர் வீரபாண்டிக்குத் தீச்சட்டி எடுப்பவராக இருக்கலாம், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவராக இருக்கலாம், எதற்கும் போகாதவராகவும் இருக்கலாம். பதில் ஒன்றேதான், அதை அவர் வரமாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறார்.